சான் பியாஜோவுக்கு எடுத்துவைத்த துண்டு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலை நினைவுகளைச் சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு பாண் துண்டைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இத்தாலியில், மிலான் நகரில், ஒரு வயோதிப மாதைப் பராமரிக்கிறாள். நத்தார் வந்தால் அந்த ஊர் வீடுகளில் பனெத்தோனே இருக்கும். உயரமான இனிப்புப் பாண் அது. நாள்கணக்காகப் பேணிவரும் புளித்த மாவில் வெண்ணெய், முட்டை மஞ்சட்கரு, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறிய தோடம்பழத் தோல் எல்லாம் சேரும். வெந்ததும் அமர்ந்துபோகாமல் இருக்கத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைப்பார்கள். வெண்ணெய் நூற்றுக்கு 16, பழங்கள் நூற்றுக்கு 20 என்ற அளவுகளுக்குக் குறையக்கூடாதென்று 2005 இல் அரசாங்கமே விதி எழுதியது. எங்கள் காலத்தில் அப்படியொரு விதி இருந்திருந்தால் விடுதியில் தந்த நத்தார் கேக் பிடிபட்டிருக்கும்!

மிலான்காரர் நத்தாரன்றே முழுவதையும் முடிப்பதில்லை. ஒரு துண்டை எடுத்துவைத்து, பெப்ரவரி 3 ஆம் திகதி, சான் பியாஜோ திருநாளன்று, வெறும் வயிற்றில் வீட்டார் எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். அந்த ஆண்டு முழுவதும் தொண்டைக்கு நோய் வராதாம். சான் பியாஜோ நாலாம் நூற்றாண்டு ஆயர். வைத்தியராகவும் இருந்தார் என்பது மரபு. மீன்முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றியதால் தொண்டைக்குக் காவலரானார். ஒரு பெண் ஆசீர்வதிக்கக் கொடுத்த பனெத்தோனேயைத் துறவி ஒருவர் மறதியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட, அன்றைய தினம் பாத்திரத்தில் இரட்டிப்புப் பெரிய பனெத்தோனே இருந்தது என்றும் கதை உண்டு. கடைக்காரர் மிச்சத்தை அன்று ஒன்றின் விலைக்கு இரண்டாக விற்பார்கள்.

தோழி பராமரிக்கும் மாது பாரிசவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவர். ஜனவரிக் கடைசியில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் தோழி கேட்டாள்: "மனுசி துண்டை எடுத்து வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறா. குடுக்கலாமோ?"

வகுப்பில் வைத்தியரானவர்கள் மூவர். மூவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றோம். காய்ந்து உதிரும் பாண், அதற்குள் பிளம்ஸ். மூச்சுக்குழாய்க்குள் போனால் அடைக்கும், நியூமோனியாவும் வரலாம். நாங்கள் சொன்னது சரிதான். ஆனால் அவள் பிறகு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. அப்போதுதான், ஆளைப் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டோமே என்று எங்களுக்கு உறைத்தது. விழுங்கல் பயிற்சி தருபவரிடம் கேட்கும்படி சொன்னோம். அவர் வந்து பரிசோதித்து, பிளம்ஸும் தோலும் நீக்கி, பாலில் ஊறவைத்துக் கட்டியில்லாமல் மசித்து, நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால் கொடுக்கலாம் என்றார்.

எங்களிற் பலருடைய அம்மாமாரும் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கோயிற் பிரசாதத்தை அன்போடு வாயில் வைக்கும் கைகளும், "ஒன்றும் குடுக்காதேங்கோ" என்று அதட்டும் எங்கள் வைத்தியர் நாக்குகளும் ஒரே வீட்டில் இருக்கின்றன. இப்போதெல்லாம் முதலில், "என்னத்துக்கு ஆசைப்படுறா?" என்று கேட்கிறோம்.

பெப்ரவரி 3 காலை தோழி எழுதினாள். இரண்டு கரண்டி. இருமல் இல்லை. இரண்டாவது கரண்டியை மனுசி தானே பிடித்தாவாம். ஒதுக்கிவைத்த பிளம்ஸை இவள் தேத்தண்ணியோடு சாப்பிட்டாளாம்.