ஜவ்வரிசி மூட்டைக்குள் மக்காச்சோளம்!
(இண்டூர் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் சுருக்கம்)



குச்சிக்கிழங்குக்கு ஏன் விலை இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மழை என்கிறார்கள், மாவுப்பூச்சி என்கிறார்கள், வடநாட்டில் சரக்கு தேங்கிவிட்டது என்கிறார்கள். எல்லாம் இருக்கட்டும். யாரும் வாய் திறக்காத காரணம் ஒன்று இருக்கிறது. அது மூட்டை மேலும் பாக்கெட் மேலும் அச்சடித்திருக்கிற பொய்.

பத்து மாசம் பாடுபட்டுக் கிழங்கைப் பிடுங்கி மில்லுக்குக் கொண்டுபோகிறோம். அங்கே என்ன நடக்கிறது? சாம்பிள் எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று அளக்கிறார்கள். பாயிண்ட் கணக்கில்தான் காசு. ஒரு பாயிண்ட் குறைந்தாலும் பிடித்தம். சரி, அளக்கட்டும். நம் கிழங்கை இவ்வளவு கறாராக அளக்கிறவர்கள், அதே மில்லிலிருந்து வெளியே போகிற ஜவ்வரிசியில் எத்தனை பங்கு கிழங்கு மாவு, எத்தனை பங்கு மக்காச்சோள மாவு என்று அளந்து மூட்டை மேல் எழுதுகிறார்களா?

எல்லா மில்லையும் நாம் குற்றம் சொல்லவில்லை. நேர்மையாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்; கலப்படக்காரன் மலிவாக விற்பதால் அவர்களும் நம்மோடு சேர்ந்து அடிபடுகிறார்கள். ஆனால் மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைக்கும்போது அதைக் கலந்து ஜவ்வரிசி ஆக்குவதும், வெள்ளைவெளேர் என்று காட்ட ரசாயனம் போட்டு வெளுப்பதும் சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் பல வருசமாக உள்ள புகார். ஒரு மூட்டை மக்காச்சோள மாவு உள்ளே போனால் அந்த அளவுக்கு நம் கிழங்கு வெளியே நிற்கிறது. விலை எப்படி ஏறும்?

சட்டம் என்ன சொல்கிறது? ஜவ்வரிசி என்றால் சேகோ பனை மாவிலோ மரவள்ளிக் கிழங்கு மாவிலோ செய்த மணி என்று உணவுப் பாதுகாப்பு விதியிலேயே எழுதியிருக்கிறது. மக்காச்சோளத்துக்கு அதில் இடமே இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிழங்கு மாவும் சோள மாவும் தனித்தனி வடிவம். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்க முடியாத விஷயம் இல்லை. சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்கு மரியாதை வந்துவிட்டது, பெயருக்கு உரிய கிழங்குக்கு வரவில்லை!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் ஜவ்வரிசியை அதிகமாகத் தின்பது மகாராஷ்டிரா, குஜராத் ஜனங்கள். விரத நாளில் தானியம் தொடமாட்டார்கள், அதனால்தான் ஜவ்வரிசிக் கிச்சடி. அந்த மகராசிக்குத் தெரியாமல் மக்காச்சோளத்தை ஊட்டுகிறார்கள். விதைத்தவனையும் ஏமாற்றி, விரதம் இருக்கிறவளையும் ஏமாற்றுகிற வியாபாரம் இது.

ஜவ்வரிசியோடு நிற்கவில்லை. கடையில் ராகி பிஸ்கட் வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் ராகிக் கதிர் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டில் முதலில் வருவது மைதா, அடுத்து சர்க்கரை, எண்ணெய். ராகி எங்கேயோ கடைசியில் தலைகாட்டும். 2025-26-க்கு ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். 2023 மே முதல் நம் மாவட்ட ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படி மதிப்பு வந்த தானியத்தின் படத்தைப் போட்டு மைதாவை விற்கிறான்!

மாம்பழ பானத்துக்கு நூற்றுக்குப் பத்து பங்கு பழச்சாறு இருந்தால் போதும் என்று விதியே இடம் கொடுக்கிறது. மீதி தண்ணியும் சர்க்கரையும். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்து கிருஷ்ணகிரி, சித்தூர் விவசாயிகள் தவித்தார்களே, அந்தப் பத்தை இருபது ஆக்கினால் அதே பாட்டிலுக்கு இரண்டு மடங்கு மாங்காய் வேண்டும் இல்லையா?

படித்துப் பார்த்து வாங்கு என்பார்கள். எந்த மொழியில் படிப்பது? லேபிள் விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், மற்ற மொழி விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது 2020-ம் வருச லேபிள் விதி. தமிழ்நாட்டில் விற்கிற பாக்கெட்டில் தமிழ் கட்டாயம் இல்லை!

ஆகவே நம் சங்கம் கேட்பது: கிழங்கு சீசனில் மில்லுக்கே வந்து சாம்பிள் எடு, முடிவை ஊரறியச் சொல். எந்தப் பயிரின் படத்தைப் போடுகிறாயோ அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று முன்பக்கம் தமிழில் பெரிசாகப் போடு. பழச்சாறு அளவை உயர்த்து.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைச் சோதிக்கச் சொல்லலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பொய் லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஊருக்கு நாலு பேர் சேர்ந்து கட்டணம் போட்டால் பெரிய பாரம் இல்லை.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். வீட்டில் பிள்ளைகள் தின்று போட்ட ராகி பிஸ்கட் உறை, ஜவ்வரிசி பாக்கெட், பில் இருந்தால் பில், எல்லாம் கொண்டு வாருங்கள். பின்பக்கத்தைக் கிழிக்காமல் கொண்டு வாருங்கள், அதைத்தான் அதிகாரி மேசை மேல் வைத்துப் படித்துக் காட்டச் சொல்லப் போகிறோம்.