ஈறைக் கவனிப்போம், குடலையும் காப்போம்



பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால், "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சூடு இல்லைங்க, ஈறு நோயின் தொடக்கம்.

நம்ம வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் இருக்கு. எல்லாமே கெட்டதில்லை. பல்லில் காரை படிந்தால், ஈறுக்கு அடியில் கெட்ட கிருமிகள் பெருகும். தினமும் ஏறக்குறைய 1 லிட்டர் எச்சில் விழுங்குகிறோம். அதோடு அவையும் உள்ளே போகும். வயிற்று அமிலத்தில் பெரும்பாலும் செத்துவிடும். தப்பியவை குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைப் பாதிக்கலாம்.

மருத்துவர் காரையைச் சுரண்டி எடுத்தால் வாயில் கெட்டவை குறையும், நல்லவை மறுபடி இடம் பிடிக்கும். குடல் கிருமிகளும் மாறுவதாகச் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரையும் கொஞ்சம் குறையும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று பயந்தே நம்மில் பலர் பல்லை இழந்தோம். காரை போனதும் சந்து தெரியும், அவ்வளவுதான். பல்லை ஆட்டுவது நோய்தான்.

காரை திரும்பவும் படியும். அதனால் தினம் இரண்டு வேளை பல் துலக்குவோம், புகையிலையை விடுவோம். ஈறில் ரத்தம் வருகிறவர்களை அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்டறிந்து, சேர்ந்தே அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போவோம்.