ஒரே வருடம், இரண்டு கோட்டைகள்



ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் கடற்கரையில் பாறை மேல் நிற்கும் இரண்டு கோட்டைகளைப் பற்றி உங்களிடம் பேசப்போகிறேன்.

முதலாவது டன்னாட்டர். மூன்று பக்கமும் கடல். 1651-ல் கிராம்வெல் படை இதை முற்றுகையிட்டபோது, நாட்டின் மணிமுடி, செங்கோல், வாள் மூன்றும் உள்ளே இருந்தன. சுமார் 70 வீரர்கள் எட்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் கோட்டை விழுந்தது. மணிமுடி மட்டும் கிடைக்கவில்லை. அதற்குள் மூன்றையும் ரகசியமாக வெளியேற்றி, கின்னெஃப் ஊர் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துவிட்டார்கள்!

1715 கிளர்ச்சிக்குப் பிறகு கோட்டையைப் பறிமுதல் செய்து, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி விற்றார்கள். இருநூறு வருடம் பாழாகக் கிடந்தது. 1925-ல் கௌட்ரே சீமாட்டி பழுதுபார்க்கத் தொடங்கினார். முழுக் கோட்டையும் மீளவில்லை. ஆனால் ஒரு பகுதிக்குக் கூரை வந்தது. இன்றும் மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, குரூடன் பே அருகே உள்ள ஸ்லெயின்ஸ். அதே 1925-ல் இதன் கூரையைப் பிரித்தார்கள். வரியைத் தவிர்க்கத்தான் என்பார்கள். அதன்பின் மழைக்குத் தடையே இல்லை. இன்று மிஞ்சியிருப்பது மொட்டைச் சுவர்கள்.

இரண்டுக்கும் ஒரே உப்புக்காற்றுதான். ஒன்றுக்குச் செலவு செய்தார்கள், மற்றதில் மிச்சம் பிடித்தார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நம் மொட்டை மாடி நீர்க்கசிவு வேலை ஓட்டுக்கு வருகிறது. கை தூக்கும் முன் ஸ்லெயின்ஸை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.