நீதியை விற்றவருக்குக் கருணை



நியாயஸ்தலங்களில் நடக்கும் லஞ்சத்தைப் பற்றியும், அதற்குக் கிடைக்கும் தண்டனையைப் பற்றியும் பேசும்படி இன்று நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். லஞ்சம் கெட்டது என்று சொல்லுவதற்கு ஒரு கூட்டமும் ஒரு பிரசங்கியும் வேண்டியதில்லை. லஞ்சம் வாங்குகிறவனும்கூட அதைத்தான் சொல்லுகிறான். ஆகையால் பொதுப்படையாய்ப் பேசிப் பொழுதைக் கழிக்காமல், உள்ளபடி நடந்த ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அதன் அடியையும் நுனியையும் உங்கள் முன் வைக்கிறோம். முடிவு செய்யவேண்டியது உங்கள் அறிவின் பொறுப்பாகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாகாணம். அதில் லூஸெர்ன் என்பது ஒரு ஜில்லா. அதன் தலைநகரம் வில்க்ஸ்-பாரி. அந்த ஜில்லாக் கோர்ட்டில் மார்க் சியவரெல்லா என்று ஒரு ஜட்ஜு. மைக்கேல் கானஹன் என்று மற்றொரு ஜட்ஜு. சிறு பிள்ளைகள் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் வேலை 1996 முதல் சியவரெல்லாவினிடம் இருந்தது. கானஹன் பிரதம ஜட்ஜாய் இருந்து கோர்ட்டு வரவு செலவைக் கையில் வைத்திருந்தார்.

அந்த ஜில்லாவுக்குச் சொந்தமாகப் பிள்ளைகளை அடைத்துவைக்கும் இல்லம் ஒன்று இருந்தது. 2002இல் கானஹன் தம்முடைய அதிகாரத்தைக்கொண்டு அதற்குப் பணம் இல்லாமல் செய்து மூடவைத்தார். தனிப்பட்ட முதலாளிகள் கட்டிய புதிய இல்லம் ஒன்று அதற்குப் பதிலாய் வந்தது. அதைக் கட்டிய கண்ட்ராக்டரும், அதில் பங்குள்ள ஒரு வக்கீலுமாகச் சேர்ந்து இரண்டு ஜட்ஜுகளுக்கும் கொடுத்த தொகை சுமார் 28 லட்சம் டாலர். அது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஜட்ஜுகளின் மனைவிமார் பேரில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் புளோரிடாவில் ஒரு வீடு. அந்த வீட்டுக்கு வாடகை என்று பேர் வைத்துக் கொஞ்சம் போயிற்று. பார்சல் பெட்டியில் ரொக்கமாய் வைத்துக் கட்டிக் கொஞ்சம் போயிற்று. சட்டம் தெரிந்தவர்கள் திருடினால் கணக்குப் புஸ்தகத்தோடுதான் திருடுவார்கள் போலும்!

இனி, பிள்ளைகளின் கதையைக் கேளுங்கள். சத்திரம் கட்டினால் சாப்பிட ஆள் வேண்டும். சிறை கட்டினால் அடைக்க ஆள் வேண்டுமல்லவா? சியவரெல்லாவின் முன்பு நின்றவர்கள் கொலைகாரர்களல்லர். பள்ளிக்கூடத்து உதவித் தலைமையாசிரியரைக் கேலி செய்து இணையத்தில் ஒரு பக்கம் எழுதிய பெண் ஒருத்தி. கடையில் சில்லறைச் சாமானைத் திருடியவன் ஒருவன். பள்ளிக்கூடத்து வளைவுக்குள் சிகரெட்டுப் பிடித்தவன் ஒருவன். ரோட்டைத் தப்பான இடத்தில் கடந்தவன் ஒருவன். அடைக்கப்பட்டவர்களில் 8 வயதுப் பிள்ளைகளும் உண்டு என்றால் நம்புவீர்களா? விசாரணை என்பது சில சமயம் ஒன்றிரண்டு நிமிஷம். தீர்ப்புச் சொன்ன உடனே தாயார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் கையிலும் காலிலும் விலங்கு.

வக்கீல் இல்லையா என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் பாத்தியதை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்தக் கோர்ட்டில் வக்கீல் வேண்டாம் என்று பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுவார்கள். சின்னக் குற்றந்தானே, ஜட்ஜு நாலு வார்த்தை கண்டித்து விட்டுவிடுவார் என்று நம்பி அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப்பிள்ளைகள் வரை துணையில்லாமலே நின்றார்கள்.

நிற்க. இவ்வளவு அக்கிரமமும் இருட்டில் நடந்ததா? இல்லை. கோர்ட்டுக்குள் சர்க்கார் வக்கீல் இருந்தார், உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள், குமாஸ்தாக்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குத் தெரியும். ஊராருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னார்கள்? "கண்டிப்பான ஜட்ஜு, இவர் இருந்தால்தான் பிள்ளைகள் உருப்படும்" என்றார்கள். 2005இல் அவரையே மறுபடியும் ஓட்டுப்போட்டு உட்காரவைத்தார்கள். பிலடெல்பியாவிலுள்ள பிள்ளைகளுக்கான வக்கீல் சங்கம் ஒன்று 2008இல் மாகாண உச்ச நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தது. 2009 ஜனவரி முதலில் அந்த மனு தள்ளப்பட்டது. அதே மாதக் கடைசியில் மத்திய சர்க்கார் இரண்டு ஜட்ஜுகள் மீதும் குற்றம் சாட்டிய பிறகுதான் உச்ச நீதிமன்றத்துக்குக் கண் திறந்தது. பிறகு 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்புகள் அடியோடு ரத்து செய்யப்பட்டன.

இனித் தண்டனையைப் பார்ப்போம். முதலில் இரண்டு ஜட்ஜுகளும் 87 மாதத் தண்டனைக்குப் பேசிக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விசாரித்த கோசிக் என்னும் ஜட்ஜு, இவர்கள் மனமார ஒப்புக்கொள்ளவில்லை என்று கண்டு, அந்த ஏற்பாட்டை ஏற்கமாட்டேன் என்று தள்ளிவிட்டார். நியாயஸ்தலத்திலே யோக்கியரும் உண்டு என்பதற்காக இதைச் சொல்லுகிறோம். 2011இல் சியவரெல்லாவுக்கு 28 வருஷமும், கானஹனுக்குப் பதினேழரை வருஷமும் விதிக்கப்பட்டன. பணம் கொடுத்த கண்ட்ராக்டருக்கும் வக்கீலுக்கும் என்ன கிடைத்தது? குற்றத்தைத் தெரிந்தே மறைத்ததாக ஒப்புக்கொண்டு ஒருவர் ஒரு வருஷமும், மற்றவர் ஒன்றரை வருஷமும் பெற்றார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2011 பிப்ரவரியில் சியவரெல்லா குற்றவாளி என்று ஜூரிகள் சொன்ன அன்று, தண்டனை விதிக்கும் நாள்வரை அவரை வீட்டுக்குப் போகவிட்டார்கள். அவரால் சிறைக்குப் போய் வந்து, பிறகு தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட ஒரு பிள்ளையின் தாயார், கோர்ட்டு வாசற்படியில் நின்று அவரைப் பார்த்து அலறினார். சிகரெட்டுப் பிடித்த பிள்ளைக்கு அந்த இடத்திலேயே விலங்கு. அந்தப் பிள்ளைகளின் வாழ்வைக் கெடுத்தவருக்கு வீட்டுக்குப் போக வழி! தோழர்களே, இதைக் கண்டும் வயிறெரியாவிட்டால் அது வயிறுதானா?

கானஹன் கதை இதற்கும் மேலே போகிறது. கொரோனா நோய் பரவிய 2020இல், வயதானவர்கள் என்றும் நோயாளிகள் என்றும் பல கைதிகளைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக்காவலில் வைத்தார்கள். கானஹனும் வீட்டுக்கு வந்தார். 2024 டிசம்பர் 12இல் ஜனாதிபதி பைடன் ஒரே நாளில் சுமார் 1,500 பேருடைய தண்டனையைக் குறைத்தார். கொரோனாக் காலத்தில் வீட்டுக்காவலுக்கு வந்து ஒழுங்காய் இருந்தவர்கள் என்று ஓர் இனமாகச் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. அந்தப் பட்டியலில் கானஹன் பேரும் இருந்தது. தண்டனை முடிய அவருக்கு இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது.

பென்சில்வேனியாவில் ஜனங்கள் கொதித்தார்கள். பைடனுடைய கட்சியைச் சேர்ந்தவரான கவர்னர் ஷபீரோவே, ஜனாதிபதி செய்தது தப்பு என்று வெளிப்படையாய்ச் சொன்னார். அன்று பிள்ளைகளாய் நின்றவர்கள் இன்று முப்பது வயது தாண்டியவர்கள். நம்மை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று அவர்கள் கேட்டார்கள்.

இதற்குச் சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. "மன்னிப்பல்ல, குறைப்புத்தானே, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறதே, கிழவர், 72 வயது, சுமார் 9 வருஷம் சிறையில் கிடந்துவிட்டார், மிச்சம் கொஞ்ச காலந்தானே, பழிவாங்குவதுதான் நியாயமா?" என்கிறார்கள். இதில் உண்மையும் இருக்கிறது. 2022இல் சிவில் கோர்ட்டு இந்த இருவரும் சுமார் 300 பேருக்கு 20 கோடி டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று சொன்ன தீர்ப்பும் இந்தக் குறைப்பினால் போய்விடவில்லை. கைதிகளுக்கு இரக்கம் காட்டுவதை நாம் ஒருக்காலும் வெறுக்கிறவர்களல்லர். கிழவனைச் சிறையில் சாகடிப்பதனால் செத்த பிள்ளை திரும்பி வரப்போவதுமில்லை.

ஆனால் நாம் கேட்பது வேறு. கருணை காட்டுகிறவர் யாருடைய சொத்தை எடுத்துக் கொடுக்கிறார்? அநியாயம் பட்டவனைக் கேட்காமல் அநியாயம் செய்தவனுக்குக் கொடுக்கும் மன்னிப்பு, பிறத்தியார் பையில் கைவிட்டுச் செய்யும் தர்மமேயாகும். மேலும், 1,500 பேரில் இவர் யார் என்று தனித்துப் பார்க்க நேரமில்லை என்பது என்ன சமாதானம்? பிள்ளைகளுடைய முகத்தைப் பார்க்காமல், அவர்கள் சொல்லைக் கேட்காமல், மந்தை மந்தையாய் அனுப்பினதுதானே சியவரெல்லாவின் கோர்ட்டில் நடந்த குற்றம்! முகம் பாராத தண்டனை அக்கிரமம் என்றால், முகம் பாராத கருணை மட்டும் எப்படி நியாயமாகும்? பணக்காரக் கிழவனுக்குக் கிடைக்கும் இரக்கம், 13 வயது ஏழைப் பிள்ளைக்கு அன்று ஒரு நிமிஷமாவது கிடைத்ததா?

ஆகவே ஜனங்களின் கோபம் நியாயமானதே. ஆனாலும் அந்தக் கோபத்தைப் பார்த்தும் நாம் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. இந்தக் கோபம் 2003இல் எங்கே போயிருந்தது? 2005இல் ஓட்டுப் போட்டபோது எங்கே போயிருந்தது? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விலங்கு மாட்டியபோது, "அவன் ஏதாவது செய்திருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கினவர்கள்தானே பலரும்? கறுப்பு அங்கியைக் கண்டால் எழுந்து நிற்பதும், உயர்ந்த மேடையில் உட்கார்ந்தவன் உயர்ந்த மனிதன் என்று எண்ணுவதும், அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் நியாயம் என்று நம்புவதும் மூடநம்பிக்கையல்லாமல் வேறென்ன? வேலி பயிரை மேய்ந்தது என்று இன்று அழுகிறவர்கள், வேலியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது பயிரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிக்குள் இருப்பவன் ஆசாபாசமுள்ள மனிதன். மனிதன் செய்ததை மனிதன் கேட்கலாம், கேட்கவேண்டும்.

கோபத்தால் பலனில்லாமலும் போகவில்லை. பிள்ளைகளுக்கெல்லாம் வக்கீல் வைக்க வசதியில்லை என்றே கருதி, வக்கீல் கொடுக்கவேண்டும் என்று அந்த மாகாணம் 2012இல் சட்டம் செய்தது. 28 வருஷத் தண்டனையைவிட இந்தச் சட்டந்தான் பெரியது என்பது நமது அபிப்பிராயம். தண்டனை ஒரு ஜட்ஜை அடைக்கும். வக்கீல் பக்கத்தில் இருந்தால் அடுத்த ஜட்ஜின் கை நீளாது.

தோழர்களே! எங்கேயோ நடந்த அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். எந்த நாட்டிலும், ஏழையின் பிள்ளை துணையில்லாமல் நிற்கிற கோர்ட்டும், கேள்வி கேட்கப்படாத ஜட்ஜும், கும்பிட்டு நிற்கிற ஜனங்களும் ஓரிடத்தில் சேர்ந்தால், நான்காவதாகப் பணப்பெட்டி தானே வந்து சேரும். ஆகையால் தண்டனை குறைந்த அன்று மாத்திரம் கோபப்படாதீர்கள். தப்பான தீர்ப்பு சொல்லப்படுகிற அன்றே கோபப்படுங்கள். நாளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுத்துப் போனால், பயந்து கதவைச் சாத்திக்கொள்ளாமல் கூடவே போய் நில்லுங்கள். என்ன குற்றம், யார் சாட்சி, வக்கீல் எங்கே என்று கேளுங்கள். இதற்கு நீங்கள் சட்டம் படித்திருக்கவேண்டியதில்லை. பயமில்லாமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டு நமது சொற்பொழிவை முடித்துக்கொள்ளுகிறோம்.