மருத்துவருக்கு எழுதும் மடல்

நோயாளி தம் குறையைக் கைப்பேசியில் எழுதி அனுப்ப, மருத்துவரும் எழுத்தாலேயே விடை தருவது இன்று புதுமையன்று. டென்மார்க்கு நாட்டில் குடும்ப மருத்துவர்கள் நோயாளிகளுக்கு மின்னஞ்சல் வழியே ஆலோசனை அளிப்பது 2009ஆம் ஆண்டு முதல் கட்டாயம். நம் நாட்டில் 2020 மார்ச்சு 25ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளையும் ஏற்றன.

மருத்துவர் முன் அமர்ந்தால் பாதிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். வெளியே வந்த பின்னரே கேட்க வேண்டியது நினைவுக்கு வரும். எழுதும்போது அந்தப் பதற்றம் இல்லை. மாத்திரையை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா என்னும் ஐயத்திற்காக ஒரு நாட்கூலியை இழந்து பேருந்து ஏற வேண்டியதும் இல்லை.

ஆனால் எழுத்தில் நாடி பார்க்க இயலாது. ஆதலின், மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும் எளிய மருந்துகளை எவ்வழியிலும் கூறலாம் என்றும், வேறு சிலவற்றை முதன்முறை எழுதும் முன் காணொளியிலேனும் நோயாளியைக் காண வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் வகுத்தன. நெஞ்சுவலி கண்டவர் செய்தி எழுதிவிட்டுக் காத்திருத்தல் பேதைமை. மருத்துவர் அப்பொழுது வேறொருவரின் அருகில் இருப்பார். செய்தி படிக்கப்படாமல் கிடக்கும். 108ஐ அழைத்தலே தக்கது.

இனி, இரகசியம். பாதுகாப்பான முறையில், செய்தி புறப்படும் கருவியிலேயே மறைமொழியாக மாறிவிடும்; இடையில் கைப்பற்றுவோர்க்கு அது பொருளற்ற எழுத்துக் குவியலே. நன்று. ஆயின் நம் இல்லங்களில் ஒரு கைப்பேசி எத்தனை கைகளில் உலவுகிறது! கல்லூரி மாணவி ஒருத்தி தன் மாதவிலக்குத் துன்பத்தை மருத்துவருக்கு எழுதுகிறாள் என்று கொள்வோம். விடை வரும் நேரத்தில் கைப்பேசி அண்ணன் கையில். முகப்பிலேயே இரண்டு வரிகள் ஒளிர்கின்றன. மறைமொழி உடையவே இல்லை. இரகசியம் மட்டும் போய்விட்டது. அடுத்த முறை அவள் எழுதமாட்டாள். நோய் உள்ளேயே வளரும். மறைமொழியின் பெருமை பேசுவோர் இதனை எண்ணக் காணோம்.

ஆகவே, கடவுச்சொல் கேட்டுத் திறக்கும் மருத்துவச் செயலியே பொதுவான அரட்டைச் செயலியினும் மேலானது என்பது என் கருத்து. செய்தி வந்துள்ளது என்று மட்டும் முகப்பில் தெரிந்தால் போதும்; வரிகள் தெரியாதவாறு செய்யக் கைப்பேசியிலேயே வழியுண்டு. எழுதும்போது வயது, துன்பம் தொடங்கிய நாள், உண்டுவரும் மருந்துகள், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை மறவாது குறிப்பிடுங்கள். சிறார்க்கு வயதுவந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மருத்துவரும் தம் பதிவு எண்ணைக் காட்டக் கடமைப்பட்டவர். அதனைக் கேட்கத் தயங்க வேண்டா.