கர்ப்பப்பை எடுக்கச் சொன்னால்

கர்ப்பப்பையை எடுக்க மூன்று வழி உண்டு. வயிற்றை வெட்டித் திறப்பது ஒன்று. சிறு துளையிட்டுக் கமரா வழியாகச் செய்வது ஒன்று. வயிற்றில் கத்தியே படாமல், கீழ்வழியாக, அதாவது யோனி வழியாக, எடுப்பது இன்னொன்று. ராகமை, மன்னார் அரச வைத்தியசாலைகளில் மூன்றையும் ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்கள்.

அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம்தானே, பிறகென்ன செலவு? இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் மலையில் கொழுந்தெடுக்கும் அக்காவுக்கு வேலைக்குப் போனால்தான் பேர், அதாவது நாட்சம்பளம். வயிற்றை வெட்டினால் வாரக்கணக்கில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட முடியாது. அத்தனை நாளும் பேர் இல்லை. அதுதான் செலவு.

கீழ்வழியில் எடுத்தால் உடம்பு சீக்கிரம் தேறும். கமரா முறைக்கான விலை கூடிய கருவிகளும் வேண்டாம். எல்லோருக்கும் பொருந்தாது, கர்ப்பப்பையில் உள்ள கட்டி மிகப் பெரிதென்றால் வயிற்றைத் திறக்க நேரலாம். ஆனாலும் டொக்டரிடம் கேளுங்கள்: "எனக்குக் கீழ்வழியில் செய்ய ஏலுமா?" கேட்கக் கூச்சப்படாதீர்கள்.