வால் நட்சத்திரத்தின் பாஸ்புக்

(சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வால் நட்சத்திரம் என்பது பனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. தொலைவில் இருக்கும்போது அதற்கு வாலே கிடையாது. சூரியனை நெருங்கும்போது பனி உருகாமல் நேராக ஆவியாகிறது. அந்த ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. அதுதான் வால். நாம் பார்த்து ரசிப்பதெல்லாம் அதன் செலவு! பாங்கில் லெட்ஜர் எழுதிய பழக்கம், இதையும் கணக்காகவே சொல்கிறேன்.

1969-ல் கண்டுபிடிக்கப்பட்ட சூர்யுமோவ்-கெராசிமென்கோ வால் நட்சத்திரத்தை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ரொசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை கூடவே சென்று கவனித்தது. 2014 ஜூனில், சூரியனிலிருந்து சுமார் 58 கோடி கி.மீ. தொலைவில், அது விநாடிக்கு 300 மில்லி தண்ணீரை ஆவியாக விட்டது. அந்த வேகத்தில் நம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நிரம்ப 11 மணி நேரம் ஆகும். 2015 ஆகஸ்ட் 13-ல் 18.6 கோடி கி.மீ. வரை நெருங்கியது. அப்போது விநாடிக்கு 300 கிலோ. அதே லாரி 40 விநாடியில் நிரம்பிவிடும்!

அதோடு முடியவில்லை. உச்சம் வந்தது சுமார் மூன்று வாரம் கழித்துத்தான். அதன் தென்பாதிக்கு அப்போதுதான் முழுக் கோடை. நமக்கும் உச்சிப்பொழுது 12 மணி என்றாலும் வெக்கை 2 மணிக்குத்தானே!

பக்கத்தில் நின்று பார்ப்பதும் எளிதல்ல. 2015 மார்ச்சில் தூசித் துகள்களை நட்சத்திரங்கள் என்று எண்ணி ரொசெட்டாவின் வழிகாட்டிக் கருவிகள் குழம்பின. அதனால் கலத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். சூரியனை நெருங்கிய நாளில் அது 300 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது.

இனி இருப்பு. மொத்த எடை சுமார் 1,000 கோடி டன். அந்த ஒரு சுற்றில் போனது சுமார் ஒரு கோடி டன், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளம்பிய தூசியில் கொஞ்சம் திரும்பி வந்து வடபாதியில் படிந்தது, பணமாகாமல் திரும்பிய செக் மாதிரி. மற்றபடி வரவே இல்லாத பாஸ்புக். ஆறரை வருடத்துக்கு ஒருமுறை இதே பற்று.

சில கணக்குகள் ஒரே நாளில் முடிந்தும் போகும். 2013 நவம்பர் 28-ல் சூரியனை ஒட்டிச் சென்ற ஐசான் சிதறிப்போனது. அதனால் எந்த வால் நட்சத்திரத்தையும் நம்பி முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது.

அடுத்த முறை செய்தி வந்தால் இரண்டை நினைவில் வையுங்கள். சூரியனைத் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அதன் பிறகும் மொட்டை மாடிக்கு வாருங்கள். சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரைத் தொடாதீர்கள், கண் போய்விடும்.

பிள்ளைகள் ஒரு நோட்டில் தேதி, நேரம், வாலின் நீளம் எழுதி வரட்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 2061 ஜூலையில் ஹாலி திரும்ப வரும்போது, அந்த நோட்டைத் தொடர்ந்து எழுத அவர்கள் இருப்பார்கள்.